ஜாயின் குவெரியில் தட்டையாக வரும் வரிசைகளை ஆப்ஜெக்ட்டுக்குள் ஆப்ஜெக்ட்டாக நிரப்புவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. சி ஷார்ப்பில், குவெரியின் பதிலை ஆப்ஜெக்ட்டாக மாற்றித் தரும் டாப்பர் என்ற லைப்ரரியை வைத்து ஒரு புரோகிராம். ஆர்டர் என்ற கிளாஸுக்குள் வாடிக்கையாளர் இருக்கிறார், வாடிக்கையாளருக்குள் முகவரி இருக்கிறது, ஆர்டருக்குள்ளேயே பொருட்களின் லிஸ்ட்டும் இருக்கிறது. பல டேபிள்களை இணைக்கும் ஜாயின் போட்ட குவெரியை டேட்டாபேஸில் நேரடியாக ஓட்டினால் எல்லா விவரமும் வருகிறது. ஆனால் புரோகிராமுக்குள் ஆர்டரின் தேதியும் தொகையும் மட்டும் நிரம்புகின்றன, வாடிக்கையாளர் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆகவே நிற்கிறது. நெடுவரிசைக்கு ‘வாடிக்கையாளர்.முகவரி.ஊர்’ என்று புள்ளி வைத்துப் பெயர் கொடுத்தும் பயனில்லை. பொருட்கள் டேபிளையும் ஜாயினில் சேர்த்த பிறகு ஒரே ஆர்டர் மூன்று தடவை வருகிறது. டாப்பரை விட்டுவிட்டுப் பெரிய ஓஆர்எம் (டேபிள்களையும் கிளாஸ்களையும் தானே பொருத்தித் தரும் கருவி) ஒன்றுக்கு மாறிவிடலாமா?

இதற்காக மாற வேண்டாம். உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வாடிக்கையாளர் நல் ஆக இருப்பது, எந்த நெடுவரிசை எந்த ஆப்ஜெக்ட்டுக்குச் சொந்தம் என்று டாப்பருக்குத் தெரியாததால் வருவது. ஆர்டர் மூன்று தடவை வருவதோ, ஒரு வரிசை என்றால் ஒரு ஆர்டர் என்ற உறவு ஜாயினில் உடைந்துபோனதால் வருவது. முதலாவதை அடையாளம் காட்டித் தீர்க்கலாம். இரண்டாவதற்கு ஒன்றுசேர்க்கும் வேலை தேவை. இரண்டையும் ஒரே மூச்சில் தீர்க்கப் பார்த்தால்தான் குழப்பம்.

சிக்கலின் வேர் டாப்பருக்கும் முந்தியது. 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை முன்வைத்த கட்டுரையிலேயே, ஒரு டேபிளின் கட்டத்துக்குள் இன்னொரு டேபிள் இருக்கக் கூடாது, அதைப் பிரித்துத் தனி டேபிளாக வைக்க வேண்டும் என்ற வழி வந்துவிட்டது. அதனால் செலக்ட் தரும் பதிலும் பொதுவாகத் தட்டையாகத்தான் இருக்கும். நம் கிளாஸ்களோ ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. தட்டையானதை மறுபடி அடுக்கும்போது, பிரித்தபோது தொலைந்த தகவலை யாராவது திருப்பிச் சொல்ல வேண்டும். ஓஆர்எம்களில் அதைக் கிளாஸின் மேல் எழுதும் மேப்பிங் சொல்கிறது. டாப்பரில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டாப்பர் அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் வேகத்துக்காக சாம் சாஃப்ரனும் மார்க் கிராவெலும் எழுதி 2011-ல் வெளியிட்ட சிறிய லைப்ரரி அது. நெடுவரிசையின் பெயரும் ப்ராப்பர்ட்டியின் பெயரும் ஒன்றாக இருந்தால் மதிப்பை எடுத்து வைக்கும், அவ்வளவுதான். பெயரில் இருக்கும் புள்ளியை ‘உள்ளே போ’ என்ற கட்டளையாக அது படிப்பதில்லை. கோ மொழியின் எஸ்கியூஎல்எக்ஸ் லைப்ரரி அப்படிப் படிக்கும். ஜாவாவின் மைபேட்டிஸ் லைப்ரரியில், எந்த நெடுவரிசை எங்கே போகும் என்று எழுதும் ரிசல்ட்மேப்பின் ப்ராப்பர்ட்டி பெயரில் புள்ளி வைத்து உள்ளே போகலாம். அவற்றில் பார்த்த வழக்கத்தை டாப்பரில் எதிர்பார்த்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, நல் மட்டும் வரும்.

சரி, முதல் பிரச்சினைக்கு வருவோம். டாப்பரில் இதற்கான வழியின் பெயர் மல்ட்டி மேப்பிங். குவெரி இப்படி இருக்கட்டும். படிக்க எளிதாக இருக்கும் என்பதால் டேபிள், நெடுவரிசைப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன்.

செலக்ட் ஆ.ஐடி, ஆ.தேதி, ஆ.தொகை,
வா.ஐடி, வா.பெயர், வா.கைபேசி,
மு.ஐடி, மு.தெரு, மு.ஊர், மு.பின்கோடு
ஃப்ரம் ஆர்டர்கள் ஆ
ஜாயின் வாடிக்கையாளர்கள் வா ஆன் வா.ஐடி = ஆ.வாடிக்கையாளர்_ஐடி
லெஃப்ட் ஜாயின் முகவரிகள் மு ஆன் மு.ஐடி = வா.முகவரி_ஐடி

இதை ஓட்டும்போது குவெரி மெத்தடுக்கு நான்கு டைப்கள் கொடுங்கள்: ஆர்டர், வாடிக்கையாளர், முகவரி, கடைசியில் மறுபடி ஆர்டர். முதல் மூன்றும் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் உருவாக வேண்டியவை. நான்காவது, திரும்பி வர வேண்டியது. கூடவே ஒரு சிறு ஃபங்ஷன்: மூன்று ஆப்ஜெக்ட்டையும் வாங்கி, வாடிக்கையாளரின் முகவரியில் முகவரியை வைத்து, ஆர்டரின் வாடிக்கையாளரில் வாடிக்கையாளரை வைத்து, ஆர்டரைத் திருப்பித் தர வேண்டும். இந்த முறையில் அதிகபட்சம் ஏழு டைப் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் டைப்களை ஒரு அரேயாகக் கொடுக்கும் இன்னொரு வடிவம் உண்டு. ஆனால் ஏழைத் தாண்டும் நிலை வந்தால் குவெரியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஒரு வரிசையில் பத்து நெடுவரிசை இருக்கிறது, எங்கே வெட்டுவது என்று டாப்பருக்கு எப்படித் தெரியும்? ஸ்ப்ளிட்ஆன் என்ற பாராமீட்டர்தான் அதைச் சொல்கிறது. ஒன்றும் கொடுக்காவிட்டால் ‘ஐடி’ என்ற பெயர் வரும் இடத்தில் வெட்டும். மேலே உள்ள குவெரியில் மூன்று டேபிளுக்கும் சாவி (ஒரு வரிசையை அடையாளம் காட்டும் நெடுவரிசை) ‘ஐடி’ என்றே இருப்பதால் நீங்கள் எதுவும் எழுத வேண்டியதில்லை. உங்கள் டேபிள்களில் ‘வாடிக்கையாளர்_எண்’, ‘முகவரி_எண்’ என்று வேறு வேறு பெயர்கள் இருந்தால் அவற்றைக் காற்புள்ளி போட்டு வரிசையாகக் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் சத்தமே இல்லாமல் தப்பான தகவல் நுழைவது இங்கேதான். ஸ்ப்ளிட்ஆன் என்பது இடத்தைப் பார்த்து வெட்டுவது. நெடுவரிசை எந்த டேபிளிலிருந்து வந்தது என்று டாப்பர் பார்ப்பதே இல்லை. நீங்கள் ‘ஆ.*, வா.*, மு.*’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வாடிக்கையாளர்கள் டேபிளில் ‘உருவான_நேரம்’ என்ற நெடுவரிசை ஐடிக்கு முன்னால் இருக்கிறது. வெட்டு ஐடியில்தான் விழுகிறது என்பதால் அந்த நேரம் ஆர்டரின் பக்கம் போய்விடும். ஆர்டரிலும் அதே பெயரில் ப்ராப்பர்ட்டி இருந்தால், ஆர்டர் உருவான நேரத்தின் மேல் வாடிக்கையாளர் பதிவான நேரம் எழுதப்படும். புரோகிராம் ஓடும், திரையில் தேதியும் தெரியும், ஆனால் அது வேறொன்றின் தேதி. ஆகவே நட்சத்திரக் குறி வேண்டாம். நெடுவரிசைகளைப் பெயர் சொல்லி, டேபிள் டேபிளாக, ஒவ்வொன்றின் சாவியையும் முதலில் வைத்து எழுதுங்கள்.

இதே காரணத்தால், ஒரே டேபிளை இரண்டு தடவை ஜாயின் செய்யும்போது இன்னும் கவனம் தேவை. பில் முகவரி, டெலிவரி முகவரி என்று இரண்டு இருந்தால் டைப் பட்டியலில் முகவரியை இரண்டு தடவை கொடுப்பீர்கள். எது எது என்பதைத் தீர்மானிப்பது செலக்ட்டில் எது முதலில் வருகிறது என்பது மட்டுமே. யாராவது பின்னால் அந்த இரண்டு தொகுதியையும் இடம் மாற்றி எழுதினால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது, பார்சல் பில் முகவரிக்குப் போகும். இந்த மாதிரிக் குவெரிக்கு ஒரு டெஸ்ட் எழுதாமல் நான் விடமாட்டேன்.

அப்புறம் நல் விஷயம். லெஃப்ட் ஜாயினில் முகவரி இல்லாத வாடிக்கையாளருக்கு முகவரி நெடுவரிசைகள் எல்லாமே நல் ஆக வரும். அப்போது முகவரி ஆப்ஜெக்ட் நல் ஆக வேண்டுமா, உள்ளே எல்லாம் காலியாக இருக்கும் ஒரு முகவரியாக வர வேண்டுமா? டாப்பர் இதில் தன் பாதையை எடுக்கிறது: இரண்டாவது டைப்பிலிருந்து, அந்தப் பகுதியின் முதல் நெடுவரிசை நல் என்றால் முழு ஆப்ஜெக்ட்டும் நல். சாவி முதலில் இருந்தால் இது சரியான முடிவு. சாவி இல்லாமல் ‘தெரு’ முதலில் இருந்து அதிலேயே வெட்டச் சொல்லியிருந்தால், தெரு எழுதாமல் ஊரும் பின்கோடும் மட்டும் எழுதிய ஒருவரின் முகவரி முழுவதும் காணாமல் போகும். கிராமத்து முகவரிகளில் தெருப் பெயர் இல்லாமலிருப்பது சாதாரணம். அதனால் இது ஏட்டளவு ஆபத்து இல்லை.

முகவரி தனி டேபிளாக இல்லாமல் வாடிக்கையாளர் டேபிளிலேயே தெரு, ஊர், பின்கோடு என்று மூன்று நெடுவரிசையாக இருந்தால் வெட்டுவதற்குச் சாவியே கிடையாது. அப்போது செலக்ட்டில் அந்த மூன்றுக்கும் முன்னால் ‘1 ஆஸ் முகவரி_தொடக்கம்’ என்று ஒரு அடையாள நெடுவரிசையைச் சேர்த்து, அந்தப் பெயரில் வெட்டச் சொல்லுங்கள். முகவரி கிளாஸில் அந்தப் பெயரில் ப்ராப்பர்ட்டி வேண்டியதில்லை. முகவரி ஆப்ஜெக்ட் எப்போதும் உருவாகும், எல்லாம் காலியா என்று நீங்களே ஃபங்ஷனுக்குள் பார்த்து நல் ஆக்கிக்கொள்ளலாம். மற்ற லைப்ரரிகளும் இந்தக் கேள்விக்குத் தங்கள் பதிலை வைத்திருக்கின்றன. ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்நேட்டில் எம்பெடட் (அதே டேபிளின் நெடுவரிசைகளிலிருந்து உருவாகும் உள் ஆப்ஜெக்ட்) என்று வைத்த பகுதியின் எல்லா நெடுவரிசைகளும் நல் என்றால் அந்தப் பகுதியும் நல். மைபேட்டிஸ், உள் ஆப்ஜெக்ட்டுக்கான நெடுவரிசைகளில் ஒன்றாவது நல் இல்லாமல் இருந்தால்தான் அதை உருவாக்கும். எந்த நெடுவரிசையைப் பார்ப்பது என்று நாட்நல்காலம் என்ற அமைப்பு மூலம் நாமே சொல்லவும் முடியும். எந்தக் கருவி என்றாலும் இதை முதல் நாளே சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இனி மூன்று தடவை வரும் ஆர்டர். ஆர்டர் 501-ல் பேனா, நோட்டு, ரப்பர் என்று மூன்று பொருள் இருந்தால் ஜாயின் இப்படித் தரும்:

501 | மீனா | பேனா
501 | மீனா | நோட்டு
501 | மீனா | ரப்பர்

டேட்டாபேஸ் தவறு செய்யவில்லை. இங்கே ஒரு வரிசை என்பது ஒரு ஆர்டரின் வரிசை இல்லை, ஒரு பொருளின் வரிசை. மல்ட்டி மேப்பிங் ஒவ்வொரு வரிசைக்கும் உங்கள் ஃபங்ஷனை ஒரு தடவை கூப்பிடுகிறது, ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ஆர்டரைச் செய்து தருகிறது. 501 என்ற ஐடி ஏற்கெனவே வந்துவிட்டதா என்று அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பெரிய ஓஆர்எம்கள் ஐடிக்கு ஒரு ஆப்ஜெக்ட் என்று ஒரு பதிவேடு வைத்திருக்கும். அந்தப் பதிவேட்டை இங்கே நீங்கள் வைக்கப் போகிறீர்கள்.

ஐடியைச் சாவியாகவும் ஆர்டரை மதிப்பாகவும் கொண்ட ஒரு டிக்‌ஷனரியை குவெரிக்கு வெளியே உருவாக்குங்கள். ஃபங்ஷனுக்குள், வந்திருக்கும் ஆர்டரின் ஐடி டிக்‌ஷனரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கு வாடிக்கையாளரை வைத்து, காலியான பொருள் லிஸ்ட் ஒன்றையும் கொடுத்து உள்ளே போடுங்கள். இருந்தால் புதிதாக வந்ததை விட்டுவிட்டு, பழையதையே எடுங்கள். பிறகு பொருள் நல் இல்லையென்றால் மட்டும் அதை அந்த லிஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லெஃப்ட் ஜாயினில் பொருளே இல்லாத ஆர்டருக்கு, லிஸ்ட்டில் ஒரு நல் உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கை 1 என்று காட்டும். முடிந்த பிறகு குவெரி மெத்தட் திருப்பித் தருவதைப் பயன்படுத்தாதீர்கள், அதில் வரிசைக்கு ஒன்றாக 501 இன்னும் மூன்று தடவைதான் இருக்கும். டிக்‌ஷனரியில் உள்ள ஆர்டர்களை எடுங்கள். தேதிவாரியாக வரிசைப்படுத்தி வாங்கியிருந்தால், டிக்‌ஷனரி அந்த வரிசையைக் காக்கும் என்று நம்பாமல், புதிய ஆர்டர் வரும்போதெல்லாம் ஒரு லிஸ்ட்டிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கையால் எழுத விருப்பமில்லை என்றால் டாப்பரோடு சேர்த்துப் பயன்படுத்த ஸ்லாப்பர் ஆட்டோமேப்பர் என்ற லைப்ரரி உண்டு. நெடுவரிசைப் பெயரில் ‘பொருட்கள்_ஐடி’, ‘பொருட்கள்_பெயர்’ என்று அடிக்கோடு வைத்தால் அதுவே அடுக்கித் தரும். எனக்கு டிக்‌ஷனரி வழிதான் பிடிக்கும். இருபது வரிக்குள் முடிகிறது, என்ன நடக்கிறது என்று அடுத்து வருபவருக்கும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு லிஸ்ட் வரை இது நன்றாகப் போகும். இரண்டாவது லிஸ்ட்டை அதே ஜாயினில் சேர்த்தால் நிலைமை வேறு. ஆர்டரில் மூன்று பொருள், இரண்டு தவணையாகக் கட்டிய பணம். பொருளுக்கும் தவணைக்கும் இடையில் எந்தச் சம்பந்தமும் இல்லாததால் டேட்டாபேஸ் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு தவணையோடும் சேர்த்து ஆறு வரிசை தரும். தவணைத் தொகைகளைக் கூட்டினால் மூன்று மடங்கு பணம் வந்ததாகக் கணக்கு சொல்லும். சாவியை வைத்து ஒன்றுசேர்த்தால் ஆப்ஜெக்ட் சரியாகிவிடும், ஆனால் வலைப்பின்னல் வழியே வந்த சுமை அப்படியே இருக்கும். 40 பொருள், 10 தவணை, 5 குறிப்பு என்றால் ஒரே ஆர்டருக்கு 2000 வரிசை.

பெரிய ஓஆர்எம்மும் இதிலிருந்து காப்பாற்றாது என்பதால்தான் மாற வேண்டாம் என்றேன். ஹைபர்நேட்டில் இரண்டு லிஸ்ட்களை ஒரே குவெரியில் ஃபெட்ச் செய்யப் போனால் மல்ட்டிபிள்பேக்ஃபெட்ச் எக்ஸெப்ஷன் வரும். லிஸ்ட்டை செட் (ஒன்றையே இரண்டு தடவை ஏற்காத தொகுப்பு) ஆக மாற்று என்று ஒரு யோசனை எங்கும் சுற்றுகிறது. மாற்றினால் எக்ஸெப்ஷன் போய்விடும், பெருக்கல் போகாது. அந்த எச்சரிக்கையை வாயடைத்தது மட்டும்தான் மிச்சம். மைக்ரோசாஃப்ட்டின் ஓஆர்எம்மான என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 3.0 எல்லாவற்றையும் ஒரே குவெரியாக்கியது. இதே பெருக்கல் பலரைத் தாக்கிய பின் 2020-ல் வந்த 5.0-ல் குவெரியைப் பிரித்து ஓட்டும் வசதியைச் சேர்த்தார்கள்.

டாப்பரிலும் தீர்வு அதுவே: பிரித்து ஓட்டுங்கள். முதல் குவெரி ஆர்டர், வாடிக்கையாளர், முகவரி. ஒரு ஆர்டருக்கு ஒரு வாடிக்கையாளர், ஒரு முகவரிதான் என்பதால் இவை ஜாயினிலேயே இருக்கலாம். வந்த ஆர்டர்களின் ஐடிகளை எடுத்துக்கொண்டு, பொருட்களுக்கு ஒரு குவெரி, தவணைகளுக்கு ஒரு குவெரி. ஆர்டர் ஐடியை வைத்து டிக்‌ஷனரி மூலம் உரிய லிஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள். மொத்தம் மூன்று குவெரி, ஆர்டர் எத்தனை இருந்தாலும் மூன்றுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் லூப்புக்குள் தனியாகக் குவெரி ஓட்டுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 100 ஆர்டருக்கு 201 குவெரி.

ஐடி பட்டியலை ‘இன்’ என்று கொடுத்தால் டாப்பர் தானாகவே பாராமீட்டர்களாக விரித்துக்கொள்ளும். எஸ்கியூஎல் சர்வரில் ஒரு கட்டளைக்கு 2100 பாராமீட்டர் என்ற எல்லை இருப்பதால் பட்டியலைத் துண்டு துண்டாக அனுப்ப வேண்டியிருக்கலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ‘= எனி’ என்று எழுதி முழு அரேயையும் ஒரே பாராமீட்டராக அனுப்பலாம். மூன்று குவெரிக்கும் இடையில் வேறு யாராவது ஆர்டரை மாற்றிவிட்டால் பாதி பழையது, பாதி புதியது என்று வரும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் மூன்றையும் ஸ்னாப்ஷாட் அளவிலான (ஒரே நேரத்து நிலையையே காட்டும்) ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வையுங்கள்.

பிரித்து ஓட்டுவதற்கு இன்னொரு வலுவான காரணம் பக்கம் பக்கமாகக் காட்டுவது. ‘லிமிட் 20’ என்று போட்டால் 20 ஆர்டர் வரும் என்று நினைப்போம். பொருட்கள் ஜாயினில் இருந்தால் வருவது 20 பொருள் வரிசை, அதாவது ஆறோ ஏழோ ஆர்டர், கடைசி ஆர்டரில் பாதிப் பொருட்கள் வெட்டுப்பட்டு. ஹைபர்நேட் இந்தச் சூழலில் எல்லா வரிசையையும் மெமரிக்குக் கொண்டுவந்து அங்கே பக்கம் பிரிக்கும், லாகில் ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு. ஆர்டர்களுக்கு முதலில் லிமிட், பிறகு அவற்றின் பொருட்கள் என்று போனால் இந்தத் தொல்லை எழுவதே இல்லை. ஒரே குவெரியாகத்தான் வேண்டும் என்றால் லிமிட்டை ஆர்டர்கள் மேலான உள் குவெரியில் வைத்து, வெளியே ஜாயின் செய்யுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அடுக்கும் வேலையை டேட்டாபேஸுக்கே விட்டுவிட்டு, ஜேசனாக (அடுக்கிய தகவலை எழுத்தாக எழுதும் வடிவம்) வாங்குவது. போஸ்ட்கிரெஸில் ஜேசன்_பில்ட்_ஆப்ஜெக்ட், ஜேசன்_ஆக் இரண்டையும் வைத்து ஆர்டருக்கு ஒரு வரிசை, அதில் பொருட்கள் எல்லாம் ஒரு ஜேசன் அரே என்று வாங்கலாம். பொருட்களுக்குத் தனி உள் குவெரி, தவணைக்குத் தனி உள் குவெரி என்பதால் பெருக்கலும் கிடையாது. எஸ்கியூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து ‘ஃபார் ஜேசன் பாத்’ உண்டு. நீங்கள் ஆசைப்பட்ட புள்ளி அங்கே வேலை செய்கிறது: நெடுவரிசைக்கு ‘வாடிக்கையாளர்.முகவரி.ஊர்’ என்று பெயர் வைத்தால் ஜேசனில் அடுக்கடுக்காகவே வரும். வந்த ஜேசனைக் கிளாஸாக மாற்றுவது ஒரு வரி வேலை. தகவலை மாற்றாமல் அப்படியே ஏபிஐ வழியே அனுப்பும் இடங்களில் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

ஆனால் சில மேடு பள்ளங்கள் உண்டு. பொருளே இல்லாத ஆர்டருக்கு ஜேசன்_ஆக் காலி அரே தராது, நல் தரும்; நல்லுக்குப் பதில் வேறு மதிப்பைத் தரும் கோலெஸ் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்கியூஎல் சர்வர் நீளமான ஜேசனைப் பல வரிசைகளாகத் துண்டித்து அனுப்பும், முதல் வரிசையை மட்டும் படித்தால் பாதி ஜேசன்தான் கையில் இருக்கும், எல்லாத் துண்டையும் சேர்க்க வேண்டும். நல் மதிப்புள்ள நெடுவரிசைகளை அது ஜேசனிலிருந்தே நீக்கிவிடும், வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். தேதி வெறும் எழுத்தாக மாறுகிறது. ஐடிகள் மிகப் பெரிய எண்களாக இருந்து, அந்த ஜேசன் பிரவுசருக்குப் போகிறதென்றால், ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991-க்கு மேல் முழு எண்களைத் துல்லியமாகக் காக்காது. அவற்றை எழுத்தாக அனுப்புவதே நல்லது.

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் திரைக்கு அடுக்கிய ஆப்ஜெக்ட் தேவையா? ஆர்டர் எண், வாடிக்கையாளர் பெயர், ஊர், தொகை என்று நான்கு கட்டம் காட்டும் பட்டியல் பக்கத்துக்கு, நான்கு ப்ராப்பர்ட்டி உள்ள தட்டையான ஒரு கிளாஸ் எழுதி நேரே நிரப்புவதே நேர்மையான தீர்வு. அடுக்கு வேண்டியது ஒரு ஆர்டரைத் திறந்து பார்க்கும் பக்கத்துக்கும், மாற்றிச் சேமிக்கும் இடத்துக்கும்தான்.

உங்கள் புரோகிராமுக்கு நான் செய்யச் சொல்வது இது. பட்டியல் பக்கத்துக்குத் தட்டையான கிளாஸ். ஆர்டர் விவரப் பக்கத்துக்கு மேலே எழுதிய மல்ட்டி மேப்பிங் குவெரி ஒன்று, பொருட்களுக்கும் தவணைகளுக்கும் தனித்தனிக் குவெரி. அதற்குச் சோதனைத் தரவாக டேட்டாபேஸில் நான்கு ஆர்டர் போட்டுவையுங்கள்: முகவரியே இல்லாத வாடிக்கையாளரின் ஆர்டர், தெரு மட்டும் காலியான முகவரி உள்ள ஆர்டர், பொருளே சேர்க்காத ஆர்டர், மூன்று பொருளும் இரண்டு தவணையும் உள்ள ஆர்டர். முதலாவதில் முகவரி நல் ஆக வேண்டும். இரண்டாவதில் ஊர் வர வேண்டும். மூன்றாவதில் லிஸ்ட்டின் எண்ணிக்கை 0 ஆக வேண்டும். நான்காவதில் பொருள் 3, தவணை 2, தவணைகளின் கூட்டுத்தொகை கட்டிய பணத்தோடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும்.